மண்டபத்துக்கு வழி சொன்ன பதிவு

"கீழ மூணு புள்ளி இருக்கா அண்ணே?"

"இல்லையேம்மா."

"வலது பக்கம், மேல?"

"மொதல்ல கீழங்குற, இப்ப மேலங்குற. நீ எந்த ஊர்ல இருந்து பேசுற?"

மதுரையிலிருந்து மதுரைக்குத்தான் பேசிக்கொண்டிருந்தேன். கடைகளில் பில் போடும் ஒரு செயலிக்கு வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர் உதவி பார்ப்பது என் வேலை. தெப்பக்குளத்தைத் தாண்டி வண்டியூர் போகும் வழியில் எங்கள் வீடு. அதன் மாடியறையில் காலையில் ஹெட்செட்டை மாட்டினால், கடைக்காரர்களுக்கு அந்த மூன்று புள்ளிகளைத் தேடிக் கொடுப்பதிலேயே பொழுது போய்விடும். எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. மைக்கை அணைத்துவிட்டு அறைக்குள் நான் பேசியதையெல்லாம் கேட்டிருந்தால், ஊரில் பாதிக் கடைகள் எங்கள் செயலியைத் தூக்கி எறிந்திருக்கும்.

அப்படி ஒரு நாள், டார்ச் போடுவதற்காகப் போன் திரையை மேலிருந்து இழுத்தபோது, டார்ச் படத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேமரா படம் கண்ணில் பட்டது. ஸ்கிரீன் ரெக்கார்டர். அது அங்கேயேதான் இருந்திருக்கிறது; நான்தான் பார்க்கவில்லை. தொட்டேன். மூன்று, இரண்டு, ஒன்று என்று எண் ஓடி, ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கியது. என்னென்ன வசதி இருக்கிறது என்று நோண்டிப் பார்த்து மைக்கைப் போட்டேன். தொடும் இடத்தைக் காட்டும் வசதியையும் போட்டேன். விரல் வைத்த இடத்திலெல்லாம் வெள்ளையாக ஒரு வட்டம் கூடவே வந்தது. "இந்தா, இதத் தொடுங்க அண்ணே, அப்புறம் இத" என்று பேசிக்கொண்டே ஒரு பில் போட்டுக் காட்டி, நிறுத்தி, அந்தக் கடைக்காரருக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"அட, இம்புட்டுதானா!"

எனக்கு வந்த சந்தோஷத்தில் நாற்காலியில் உட்கார முடியவில்லை. என் கண்ணையும் விரலையும் இன்னொருவர் போனுக்குள் அனுப்பிவிட்டேன் என்பதை யாரிடமாவது உடனே சொல்லியாக வேண்டும். மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடி அம்மாவிடம் சொன்னேன். அம்மா பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். முழுதும் கேட்டுவிட்டு, "சரி, அந்தக் கரண்டிய எடு" என்றார்.

அதோடு நான் அடங்கிவிடவில்லை. சிலிண்டர் பதிவு செய்வது, ரயில் டிக்கெட் எடுப்பது, போட்டோவின் அளவைக் குறைப்பது என்று யார் எதைக் கேட்டாலும் ஒரு பதிவு போட்டு அனுப்பினேன். கேட்காதவர்களுக்கும் அனுப்பினேன். "எத்தன தடவ வேணும்னாலும் போட்டுப் பாத்துக்கலாம்" என்பது என் விளம்பர வாசகம். ஒருமுறை சித்தப்பாவுக்கு வங்கிச் செயலியைப் பதிவு செய்து அனுப்பினேன். வங்கிக்காரர்கள் பாதுகாப்புக்காகத் திரையை மறைத்துவிடுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. முழுக் கறுப்புத் திரை, அதற்குப் பின்னால் என் குரல் மட்டும், "இங்க பாருங்க, எவ்வளவு ஈசியா இருக்குன்னு." சித்தப்பா அதைக் குடும்பக் குழுவில் போட்டு என் மானத்தை வாங்கினார். அதற்கும் நான் அசரவில்லை.

இந்த இடத்தில் எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாங்கள் சௌராஷ்டிரர்கள். தெருவிலும் கடையிலும் தமிழ். வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் எங்கள் மொழி. அதில் ஒரு பெரிய வசதி உண்டு. யாரைப் பற்றி வேண்டுமானாலும் அவர் முன்னாலேயே பேசிக்கொள்ளலாம். ஜவுளிக் கடையில் கடைக்காரர் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, அம்மா சிரித்த முகத்தோடு, "சாயம் போகும், எந்திரி" என்பார். மதுரையில் முக்கால்வாசிக் கடைக்காரர்களுக்கு எங்கள் மொழி புரியும் என்பதும், நாங்கள் பலமுறை கையும் களவுமாகப் பிடிபட்டிருக்கிறோம் என்பதும் வேறு விஷயம். அந்தத் தைரியம் மட்டும் எங்கள் ஆட்களை விட்டுப் போகவே போகாது. இனி நான் எழுதப் போவதில் எங்கள் வீட்டுக்குள் பேசியதெல்லாம் அந்த மொழியில் பேசியதுதான்; தமிழில் சொல்கிறேன்.

என் தங்கை நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் மேல்படிப்புக்குப் போனவள், கூடப் படித்த சமயநல்லூர்ப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றாள். தலைமுறை தலைமுறையாக அந்தப் பக்கத்து மண்ணில் விவசாயம் பார்க்கிற குடும்பம். நல்ல பையன். அவள் அழுதாள், பட்டினி கிடந்தாள், பேசாமல் இருந்தாள், பிறகு பேசிப் பேசியே கொன்றாள். கடைசியில் அம்மா சம்மதித்தார். சம்மதித்தார் என்பதைவிட, மறுப்பதை நிறுத்திக்கொண்டார் என்பதுதான் சரி. நிச்சயம் முடிந்து, பத்திரிகையும் அடித்தாயிற்று. ஆனாலும் இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவரிடம் ஒருவர் ரொம்பவும் மரியாதையாகப் பேசிக்கொண்ட காலம் அது. யார் வாயிலிருந்தாவது ஒரு வார்த்தை தவறி விழுந்தால் என்ன ஆகுமோ என்று தங்கை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அப்படி இருக்கையில்தான் மாப்பிள்ளையின் அம்மா எனக்குப் போன் செய்தார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாலும் அவர் பேசுவது கேட்கும்.

"ஏத்தா, மண்டபம் எங்கிட்டு இருக்குன்னு ஆளாளுக்குக் கேக்குறாக. அந்த லொக்கேசனுங்குறாகளே, அத எப்புடித்தா அனுப்புறது? நீ என்னமோ படம் ஓடுற மாதிரி சொல்லிக் குடுப்பியாமே, எனக்கும் ஒண்ணு அனுப்பேன்."

என் புகழ் சமயநல்லூர் வரைக்கும் போய்விட்டது! தலைகால் புரியவில்லை எனக்கு. மறுநாள் காலை வேலை தொடங்குவதற்கு முன்பே, மாடியில் இணையம் சரியாக எடுக்காததால் கீழே சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்து, பதிவை ஆரம்பித்தேன்.

"வணக்கம் அத்தை. மொதல்ல யாருக்கு அனுப்பணுமோ அவங்க பேரத் தொடுங்க. கீழ ஊக்கு மாதிரி ஒண்ணு இருக்கா, அதத் தொடுங்க." எல்லாம் அழகாகத்தான் போனது. வரைபடம் திறக்க வேண்டிய இடத்தில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. நானும் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக மண்டபம் வந்தது. மீதியைச் சொல்லி முடித்து, நிறுத்தி, கையோடு அத்தைக்கு அனுப்பினேன். இரண்டு சாம்பல் நிற டிக் விழுந்தது. உன் மாமியாருக்கு நான் செய்யும் சேவையைப் பார் என்று தங்கைக்கும் ஒன்று அனுப்பினேன்.

தங்கை அலுவலகத்துக்குக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தவள், வழியில் எங்கோ வண்டியை நிறுத்திவிட்டு அழைத்தாள். 

"அக்கா, அனுப்புறதுக்கு முன்னாடி நீ அதக் கேட்டியா?"

"நான் பேசுனத நானே எதுக்குக் கேக்கணும்?"

"நீ பேசுனத இல்ல. நீ பேசாம இருந்தப்ப வர்றதக் கேளு."

போட்டுக் கேட்டேன். வட்டம் சுற்றுகிறது. நான் சும்மா இருக்கிறேன். சமையலறையிலிருந்து, சித்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்த அம்மாவின் குரல் கணீரென்று வருகிறது. அவர் அப்போது பேசிக்கொண்டிருந்தார் என்பதே எனக்கு உறைக்கவில்லை. எங்கள் வீட்டில் அம்மாவின் பேச்சு மின்விசிறிச் சத்தம் மாதிரி, நின்றால்தான் கவனிப்போம்.

"அந்தம்மா பேசுனா பக்கத்து வயல்ல மேயுற மாடு திரும்பிப் பாக்குதுடி. நிச்சயத்தன்னிக்கு நாம எடுத்துக் குடுத்த சேலைய விரலால தேச்சுத் தேச்சுப் பாத்தாங்க, அரிசி வாங்க வந்த மாதிரி. மாப்பிள்ளைக்கு இப்பவே முன்மண்டை பளபளங்குது. இன்னும் கொஞ்ச நாள்ல அந்தப் பக்கம் முடியே இருக்காது."

அதற்குச் சரியாக அடுத்து, தமிழில், என் குரல். "இப்ப நல்லாத் தெளிவாத் தெரியும் பாருங்க அத்தை."

கரண்டியோடு அம்மா வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். "யாரு இது? என்னய மாதிரியே பேசுறாங்க?"

"நீதாம்மா!"

அம்மா சட்டென்று எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். போனில் அவர் குரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அது கணீரென்று இல்லை.

"அதெல்லாம் கெடக்கட்டும்டி. இவ அங்க போயி நம்ம பாஷைய யாரோட பேசுவா? தமிழ் தெரியும், யாருக்குத்தான் தெரியாது. ஆனா அலுத்துப்போயி வீட்டுக்கு வந்து, பசிக்குது, வயிறு வலிக்குதுன்னு சொல்லணும்னா வாயில மொதல்ல வர்றது நம்ம பாஷைதானே. அத வீட்ல யாருமே திருப்பிச் சொல்லலைன்னா, கொஞ்ச நாள்ல அவளும் விட்டுருவா." பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அம்மா அழுதிருக்கிறார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனக்கு அந்த நேரம் அம்மாவிடம் ஏதாவது சொல்லத் தோன்றியது. ஆனால் இன்னும் அழைப்பிலேயே இருந்த தங்கை ஸ்பீக்கரில் கத்திக்கொண்டிருந்தாள். "அழி அக்கா! மொதல்ல அழி!"

அழித்தேன். பதற்றத்தில் 'எல்லோருக்கும் நீக்கு' என்பதற்குப் பதிலாக 'எனக்கு மட்டும் நீக்கு' என்பதைத் தொட்டுவிட்டேன். கீழே அதைத் திரும்பக் கொண்டுவர ஒரு பொத்தான் வந்து, நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது. அத்தையின் போனில் அந்தப் பதிவு பத்திரமாக இருக்கிறது. என் போனிலிருந்து இனி அதைத் தொடக்கூட முடியாது. ஊருக்கெல்லாம் பொத்தானைக் காட்டிக் கொடுக்கிற நான் செய்த வேலை இது.

"போன் பண்ணிப் பாக்க வேணாம்னு சொல்லிருவமா?" என்றேன்.

"பாக்காதீங்கன்னு சொன்னா ஒடனே பாப்பாங்க" என்றாள் தங்கை. "அத்தை இந்நேரம் தோட்டத்துக்குப் போயிருப்பாங்க. போனை வீட்ல பிரிட்ஜு மேல சார்ஜ்ல போட்டுட்டுத்தான் போவாங்க. மதியம் வந்துதான் எடுப்பாங்க. நீ போ. நேர்ல சொல்லித் தர்றேன்னு போன வாங்கி அழிச்சிரு. அக்கா, அவங்க சொந்தக்காரங்கள்ல எத்தனையோ பேருக்கு நம்ம பாஷை தெரியும். யார்கிட்டயாவது போட்டுக் காட்டிட்டா என் கல்யாணம் அம்புட்டுதான்."

அலுவலகத்துக்குத் தலைவலி என்று செய்தி போட்டேன். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், அம்மா சேலை மாற்றிக்கொண்டு எனக்கு முன்னால் வண்டிப் பக்கத்தில் நிற்கிறார். "நானும் வர்றேன்" என்றார். வாதாட நேரமில்லை. ஒரு பக்கமாக உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வண்டி பறந்தது.

வைகைத் தென்கரைச் சாலையில் அப்படி ஒரு வேகத்தில் நான் அதற்கு முன் போனதில்லை.  உண்மையைச் சொன்னால், பயம் பாதி. மீதிப் பாதி, சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது, குதூகலம். ஒரு போனைக் கைப்பற்ற ஊரைக் குறுக்காகக் கடந்து போகிறேன்! பின்னாலிருந்து அம்மா விடாமல் பேசிக்கொண்டே வந்தார். "நான் என்ன இல்லாததையா சொன்னேன்? மண்டை பளபளக்கலயா? நீயே சொல்லு." சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு எங்கள் மொழி தெரியும்போல.

ஆரப்பாளையம் வந்ததும் அம்மா என் முதுகில் தட்டினார். "நிறுத்து."

"எதுக்கு?"

"சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடவா போறது?"

"அம்மா, நாம விருந்துக்குப் போகல. போன்ல இருக்கிறத அழிக்கப் போறோம்."

"அதுக்காக? பூ, பழம் இல்லாம நான் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

மிதிக்க மாட்டார் என்றால் மாட்டார். இறங்கி, மல்லிகைப் பூவை மொட்டாகப் பார்த்து, வேறு சரம் கேட்டு, அதை மோந்து பார்த்து, பூக்காரம்மாவோடு வாய் கொடுத்து வாங்கினார். பிறகு வாழைப்பழம். சீப்பில் ஒரு பழம் அடிபட்டிருக்கிறது என்று வேறு சீப்பு. நான் வண்டியை அணைக்காமல் முறுக்கிக்கொண்டே நின்றேன். அங்கே அத்தை தோட்டத்திலிருந்து கையைக் கழுவிக்கொண்டு பிரிட்ஜ் பக்கம் நடந்து வருவது போலவே என் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

விளாங்குடி தாண்டி, பரவைக்குப் பக்கத்தில் காய்கறி லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, ஒருவழியாகச் சமயநல்லூர் வந்து சேர்ந்தோம். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் அவர்கள் வீடு. வாசலில் வண்டியை நிறுத்தும்போதே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். கூடத்தில் பிரிட்ஜ். அதன் மேலிருந்து தொங்கும் வெள்ளை ஒயர். ஒயர் முனையில் போன். எனக்கு உயிர் வந்தது.

அடுத்த நொடி உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "அடியாத்தீ, யாரு வந்துருக்கா பாரு! வாங்க மதினி, வாங்க! ஒரு வார்த்த போன் பண்ணியிருந்தா ஆட்டுக்கறி எடுத்து வச்சிருப்பேன்ல!"

"தோட்டத்துக்குப் போகலயா அத்தை?" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"எங்கிட்டுப் போறது? மோட்டாருக்கு மும்முனைக் கரண்டு இன்னிக்கு இல்ல. தண்ணி பாய்ச்ச முடியாம வீட்லதான் கெடக்கேன்."

அம்மா பூவையும் பழத்தையும் நீட்டினார். அத்தை வாங்கிக்கொண்டு சொம்பில் தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் குடித்தோம். காபி வந்தது. காபி குடித்தோம். இந்த மரியாதையெல்லாம் முடியாமல் யாரும் யாரிடமும் எதையும் கேட்க முடியாது. நான் பிரிட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைத்ததும் பாய்ந்தேன்.

"அத்தை, காலைல அனுப்புனதுல சத்தம் சரியா விழல. போனக் குடுங்க, நேர்லயே சொல்லித் தர்றேன்."

"அதான் பாத்துட்டேனேத்தா" என்றார் அத்தை. "திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தேன். நீதான் சொன்ன, எத்தன தடவ வேணும்னாலும் பாத்துக்கலாம்னு. என் தங்கச்சிக்கு லொக்கேசன் அனுப்பியும் விட்டுட்டேன், தெரியுமா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சேலைத் தலைப்பின் நுனியைப் பார்த்தார்.

அத்தை எங்களுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அவர் குரலைத் தாழ்த்திப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "அந்தப் படத்தையே எங்க பங்காளி வீடுகளுக்கெல்லாம் அனுப்பலாம்னுதான் இருந்தேன். அவுகளும் கத்துக்கிருவாகல்ல. ஆனா நடுவுல மதினி ஒங்க பாஷைல ஏதோ சொல்லி அழுகுறது கேட்டுச்சு. ஒருத்தங்க அழுகுறத ஊருக்கு எதுக்கு அனுப்பணும்னு விட்டுட்டேன். யார்கிட்டயும் போட்டுக் காட்டல. என்ன மதினி அழுதீக? எங்ககிட்ட என்ன கொற?"

எனக்குப் பொய் வாய் வரை வந்துவிட்டது. அது டிவி சத்தம் என்று சொல்லலாம். யாரோ சொந்தக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். மாடும் மண்டையும் வெளியே வராமல் இருந்தால் போதும். நான் ஆரம்பிப்பதற்குள் அம்மா பேசிவிட்டார். தமிழில், நிதானமாக, அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் அப்படியே சொன்னார். எங்கள் மொழியை என் மகள் இங்கே யாரோடு பேசுவாள், பசிக்கிறது என்று சொன்னால் இந்த வீட்டில் யார் அதைத் திருப்பிச் சொல்வார்கள் என்று. சொல்லும்போது மறுபடியும் குரல் உடைந்தது. அடுத்தவர் முன்னால் அம்மா அழுது நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

 அத்தை தொடையில் தட்டிச் சிரித்தார். தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.

"அம்புட்டுதானா! நான் என்னமோ எம்மகன் மண்டையப் பாத்துத்தான் அழுகுறீகளோன்னு பயந்துபோயிக் கெடந்தேன் மதினி. அவுக அப்பா வழியில வந்தது, நான் என்ன செய்ய!"

"ஐயோ, அதெல்லாம் நாங்க பாக்கவே இல்ல" என்றார் அம்மா, கொஞ்சம் அவசரமாகவே. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்கு ஓடினேன்.

திரும்பி வரும்போது அத்தை போனை ஒயரிலிருந்து கழற்றி என்னிடம் நீட்டினார். "அத அழிச்சிரு. புதுசா ஒண்ணு எடுத்துக் குடு. அதுக்கு முன்னாடி, மதினி, பசிக்குதுன்னா ஒங்க பாஷைல எப்புடிச் சொல்லணும்? வயிறு வலிக்குதுன்னா? வா, சாப்புடுன்னா?" அம்மா சொல்லச் சொல்ல நான் பதிவு செய்தேன். போனில் அம்மாவின் குரலும், பின்னாலேயே எல்லாவற்றையும் தாறுமாறாகத் திருப்பிச் சொல்லும் அத்தையின் குரலும் விழுந்தன. பழைய பதிவை நானே அழித்தேன். பொத்தானை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. யாரும் வழி தவறாமல் மண்டபத்துக்கு வந்தார்கள். அந்தப் பெருமை எனக்கு இன்னமும் உண்டு. ஆனால் மண்டபத்தில் அத்தை எங்கள் மொழியில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தங்கையை வழியனுப்பிவிட்டு வந்த பிறகு அம்மா அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "அன்னிக்கு என்னமோ ஆசையாக் கேட்டாங்க. அதோட சரி. மறந்திருப்பாங்க." வீட்டில் எங்கள் மொழி பேச அம்மாவுக்கு நான் ஒருத்திதான் மிச்சம். நானும் பகலெல்லாம் மாடியில் தமிழில் கத்திக்கொண்டிருப்பேன். அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டார். அது எனக்கு உடனே தெரிந்தது.

தங்கை தன்னுடைய பழைய ஸ்மார்ட்போனை அம்மாவிடம் விட்டுப் போயிருந்தாள். அதை அம்மா தொடுவதே இல்லை. ஒரு நாள் சாயங்காலம் அதில் டிங் என்று ஒரு சத்தம். அம்மா என்னைக் கூப்பிட்டார். அத்தையிடமிருந்து ஒரு வீடியோ வந்திருந்தது. திறந்தேன். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஸ்கிரீன் ரெக்கார்டிங்! வெள்ளை வட்டம் உட்பட எல்லாம் இருந்தது. இதை அவருக்கு நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை; அவரே நோண்டிக் கண்டுபிடித்திருக்கிறார்.

"மதினி, நல்லா இருக்கீகளா? நீங்க போனத் தொட மாட்டேங்குறீகளாமே. வீடியோ கால் எப்புடிப் போடணும்னு காட்டுறேன், பாருங்க. மொதல்ல எம்பேரத் தொடணும். அப்புறம் மேல இருக்குல்ல, இந்த கேமரா, இதத் தொடணும்." வெள்ளை வட்டம் தடுமாறித் தடுமாறிப் போய்க் கேமராவைத் தொட்டது. அழைப்பு போகவில்லை. இணையம் இல்லை. வட்டம் சுற்றியது, சுற்றியது, அத்தை பேச்சை நிறுத்திவிட்டார்.

அந்த அமைதியில், வீட்டுக்குள் எங்கோ தூரத்திலிருந்து என் தங்கையின் குரல் கேட்டது. வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருப்பாள்போல, செருப்பைக் கழற்றிப் போடும் சத்தமும் வந்தது. எங்கள் மொழியில், அலுத்துப்போன குரலில், பசிக்கிறது என்றாள்.

அத்தை எங்கள் மொழியில் பதில் சொன்னார். "வா, சாப்புடு." இழுத்து, அழுத்த வேண்டிய இடத்தில் விட்டு, விட வேண்டிய இடத்தில் அழுத்தி, மாடு திரும்பிப் பார்க்கிற குரலில். தினமும் சொல்கிறவர் சொல்வது மாதிரி, யோசிக்காமல் சொன்னார். உடனே தமிழுக்குத் திரும்பி, "மதினி, இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு, பொறுங்க" என்றார். நடுவில் விழுந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "திரும்பப் போடு" என்றார். போட்டேன். "அந்த எடத்த மட்டும் போடு." போட்டேன். அம்மாவின் கண் நிறைந்து வழிந்தது. "எப்புடி இழுக்குறாங்க பாரு. இப்புடி யாராவது சொல்லுவாங்களா?" என்று திட்டிக்கொண்டே துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. சந்தோஷத்தில் எனக்கு எப்போதும் அழுகைதான் வரும்.

பிறகு போனை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். "சரியாச் சொல்றது எப்புடின்னு நான் ஒண்ணு அனுப்பணும். அந்தப் பதிவு பண்றது எங்க இருக்கு?"

"மேல இருந்து இழும்மா."

"எந்த மேல?"

காட்டிக் கொடுத்தேன். மூன்று, இரண்டு, ஒன்று ஓடி முடிந்து, ஓரத்தில் சிவப்புப் புள்ளி மினுக்கியது. அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தவர், சட்டென்று நிறுத்தி என் பக்கம் திரும்பினார்.

"மைக்கப் போட்டுட்டியா?" என்றார்.